ஹெல்மெட்டில் குடியிருந்த கடவுள் குருவி

கிரெனடாத் தீவின் குவாவ் ஊரில் இஸ்மேயின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. ஜாதிக்காய்க் கொட்டகையில் தரம் பிரிக்கிறவள். சொத்தையைச் சொத்தை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள், காயானாலும் சரி, ஆளானாலும் சரி. அப்படிப்பட்டவள், வராந்தா ஆணியில் தொங்கிய பழைய ஹெல்மெட்டுக்குள் கடவுள் குருவி கூடு கட்டியதும் துணி காயப்போடும் கொடியையே இடம் மாற்றிக்கொண்டாள். துளியூண்டு பழுப்புக் குருவி. நிமிர்ந்த வால், உடம்புக்கு மீறிய பாட்டு. அதை விரட்டினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

புரூக்ளினிலிருந்து தங்கை அனுப்பிய கேமராவில் அதைப் படம் பிடித்து, பறவை ஆர்வலர்களின் இணையதளத்தில் போடுவாள். 'வீட்டு ரென்' என்று, பறவைப் புத்தகத்தில் உள்ள பெயரை எழுதுவாள். கனடாவிலிருந்து சிலிவரை கிடக்கிற குருவிதானே என்று ஒருவரும் சீந்தவில்லை. பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் பேசி முடிவெடுத்தார்கள்: கிரெனடாவில் இருப்பது தனி இனம், உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அவளுடைய படங்களின் கீழெல்லாம் 'கிரெனடா ரென்' என்று பெயர் தானாக மாறியது. இஸ்மேக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த படத்தோடு தன் வீடு இருக்கும் இடத்தையும் வரைபடத்தில் குறித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பினால், வாசல் நிறைய வெள்ளைக்காரத் தொப்பிகள். நடுவில் சித்தி மகன் கெர்வின், புதிதாக வழிகாட்டி வேலை பார்ப்பவன். அவன் கையில் இருந்த ஒலிபெருக்கியில் ரென்னின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வேறொரு ஆண் குருவி வந்துவிட்டதென்று நம்பி, தகப்பன் குருவி தொண்டை கிழியக் கத்தியது. ஹெல்மெட் வெயிலில், நாற்காலிமேல் இருந்தது.

"யாரைக் கேட்டுடா எறக்குன? உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"கத்தாதக்கா, விருந்தாளிங்க பாக்குறாங்க. மேல வெளிச்சம் பத்தலைன்னாங்க, அதான்."

"உள்ள குஞ்சு பசியில கத்துது, உனக்குக் காது அடைச்சுப் போச்சா? போன வருஷம் உன் வீட்டுல இது கட்டுன கூட்டத் தொடப்பத்தால தட்டுனியே, அப்ப இது என்ன இனம்டா?"

"அப்ப யாருக்குத் தெரியும்? இப்ப இது நாட்டுச் சொத்து. அதுசரி, மேப்புல புள்ளி வெச்சு ஊரக் கூப்பிட்டது யாரு? நானா?"

உண்மை என்பதால்தான் அது அவளை அப்படிச் சுட்டது. தோட்டக் குழாயைத் திறந்து, தொப்பி, கேமரா, கெர்வின் என்று பார்க்காமல் பீய்ச்சி அடித்தாள். தெருமுனைவரை விரட்டிவிட்டு வந்து ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினாள். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று காத்திருந்தாள். தாய்க்குருவி வேலிவரை வந்தது, ஆணியைப் பார்த்தது, பறந்துவிட்டது. இருட்டும்வரை அப்படியே. குஞ்சுகளின் சத்தம் தேய்ந்துகொண்டே போய், விடியற்காலையில் கேட்கவே இல்லை. அந்த நாசமாய்ப்போன புள்ளியை அழித்தாள். அழித்து என்ன பிரயோசனம்?

புதன்கிழமை கெர்வின் போன் செய்தான்.

"அக்கா, கோவம் போச்சா? நாளைக்கு இன்னொரு கூட்டம் வருது. தூரத்துலேந்தே எடுத்துக்குவாங்க, சத்தியமா. கூடு இருக்குல்ல?"

"இருக்குடா," என்றாள் இஸ்மே. "கூடு மட்டுந்தான் இருக்கு. கிட்டவே வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு."