வியர்க்காத மாமா

அம்மாவின் தம்பிக்கு வியர்க்காது. பெங்களூர் ஈஜிபுராவில் சிமெண்ட் ஷீட் போட்ட எங்கள் வீட்டில், ஏப்ரல் மாதம் அப்பாவின் பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். மாமாவின் சட்டையோ இஸ்திரி கலையாமல் இருக்கும். ஆனால் கழுத்தில் எப்போதும் ஓர் ஈரத்துண்டு. வாயில் கூர்கூராக நாலைந்து பற்கள், தலையில் பூனைமுடி. தெருப் பிள்ளைகள் அவரைப் பேய் என்றார்கள். எனக்கு அவர் கொடுத்துவைத்தவர். அவர் பிடரியை விரலால் தொட்டு, ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. அவரும் தெரியாததுபோல் உட்கார்ந்திருப்பார்.

என் தம்பிக்கு அப்போது ஏழெட்டு மாதம். மத்தியானமானால் உடம்பு கொதிக்கும். எந்தச் சிரப்புக்கும் கேட்கவில்லை. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வைத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். பெங்களூரில் எந்த வியாதிக்கும் முதல் மருந்து உல்லன் குல்லாதான். அப்புறம் ஸ்வெட்டர், அதற்குமேல் கம்பளி. தம்பி அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். செத்துப்போய்விடுவானோ என்று எனக்குப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். குழந்தையின் பிடரியை விரலால் தடவிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் குல்லா ஒரு பக்கம், கம்பளி ஒரு பக்கம் பறந்தன. தன் துண்டை நனைத்து அவன் உடம்பில் சுற்றினார்.

"ஜுரத்துல கெடக்குற கொழந்தைய சாவடிக்கப் பாக்கறான்!" என்று அத்தை கத்த, அப்பா மாமாவின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"மச்சான், அப்புறமா அடிங்க. இத்தனை போத்தியும் ஒரு சொட்டு வேர்த்திருக்கா பாருங்க. இவனும் என்னை மாதிரிதான்."

கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கி, தம்பி பால் குடித்தான். எல்லோரும் அழுதார்கள், அத்தை கொஞ்சம் அதிகமாகவே.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தம்பியின் ஈறைத் தடவினார், மாமாவின் பல்லைப் பார்த்தார், பிறகு அம்மாவின் வாயையும் திறக்கச் சொன்னார். உடம்பைக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டால் பையன் நன்றாக வளர்வான் என்றார். இது தாய் வழியாக வருவது. ஆண்பிள்ளைகளிடம் முழுசாகத் தெரியும், பெண்களுக்கு ஒன்றிரண்டு பல் குறைவதோடு நின்றாலும் நிற்கும், ஆனால் அவர்கள் பெறும் பிள்ளைக்குப் போகலாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், வாயைத் திறக்கச் சொல்லி போன் டார்ச்சை அடித்தார். மேல்வரிசையில் ஓரிடத்தில் விரல் வைத்து, "இது விழுந்துச்சா பாப்பா?" என்றார். முளைக்கவே இல்லை என்றேன், பெருமையாக. டார்ச்சை அணைத்துவிட்டு என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் மாமா கட்சி! தெருவில் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து காட்டினேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தி, "வெளிய சொல்லாதடி" என்று இழுத்துப்போனாள். நல்ல சேதி சொன்னதற்கு இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.