ஸ்ட்ரெச்சருக்குக் காத்து நின்ற நேரம்

பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலில் எங்கள் ஆம்புலன்ஸ் சிஸ்டர் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இடுப்பில் ஒரு கை, மறு கையில் கழற்றிய கையுறை, பார்வை உள்ளே போன எங்கள் ஸ்ட்ரெச்சரின் மேல். குலசேகரத்தில் ரப்பர் மரம் சாய்ந்து அடிபட்ட ஒருவரைக் கொண்டு வந்திருந்தோம். உள்ளே கட்டில் காலியில்லை. ஆளை எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே கிடத்தி வைத்தியம் பார்த்தார்கள். அது திரும்பக் கைக்கு வராமல் வண்டியை எடுக்க முடியாது. அடுத்த ஆளைத் தூக்க எங்களிடம் வேறு கிடையாது.

தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றில் அவர் நர்ஸ், நான் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன். நோயாளியை ஒப்படைத்ததும் டியூட்டி முடிந்தது என்பது எங்கள் மேனேஜரின் கணக்கு. அதற்குப் பிறகு நாங்கள் நிற்கிற நேரம் சும்மா இருந்த நேரமாம். ஷிப்ட் தாண்டினாலும் ஓவர்டைம் இல்லை. நானென்றால் அப்படியே விட்டிருப்பேன். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு எழாது. சிஸ்டர் கடற்கரைக்காரி, அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார். விசாரணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "நீங்க ஒண்ணும் பேசாண்டாம் அண்ணே, பக்கத்தில இருந்தா போதும்."

அங்கே சிஸ்டர் சொன்னதையெல்லாம் மேனேஜர் சிரித்தே தட்டிவிட்டார். நோயாளியைக் கொடுத்த பிறகு இவர்களை யாரும் கட்டிப் போடவில்லை, விருப்பம்போல் கிளம்பலாம், நிற்பது இவர்கள் இஷ்டம் என்றார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே பேனாவை மூடினார். இதில் தோற்றால் சிஸ்டருக்கு இருக்கிற வேலையும் மிஞ்சாது.

அப்போது மேனேஜரின் போன் அடித்தது. வண்டியிலிருந்து அழைப்பு வந்தால் எந்த இடமானாலும் எடுத்துவிடுவது அவர் பழக்கம். எங்கள் இன்னொரு வண்டியின் டிரைவர், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து. ஷிப்ட் முடிந்தது, கிளம்பட்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். மேனேஜர் இருக்கிற இடத்தையே மறந்து, எப்போதும்போல் கத்தினார்: "ஏலே, ஸ்ட்ரெச்சர் கைக்கு வராம அங்கேருந்து அசஞ்சேன்னா நாளைக்கு வேலைக்கு வராண்டாம்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். எப்படி எழுந்தேனோ தெரியாது, இரண்டு காதும் கொதித்தன. "சார், இப்ப அவன் அங்க நிக்கது டியூட்டியா, அவனுக்க இஷ்டமா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

படி இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சிஸ்டர் சிரித்த சிரிப்பில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பேசாண்டாம்னு சொன்னேன், கேட்டியளா அண்ணே?"

சிஸ்டர் இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். ஸ்ட்ரெச்சருக்காக நிற்கிற நேரம் எங்களுக்கு ஓவர்டைமில் சேருகிறது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள், அது ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். இல்லை, ஒரு சிஸ்டர் வாங்கித் தந்தது என்று சொல்ல வாயெடுப்பேன். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், வாய் மூடிக்கொள்ளும். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.