ஆம்ப்ளி அக்கா ஒப்புக்கொண்ட தப்பு

திறப்பதற்கு முன் முகர்ந்து பார்ப்பார். ரேடியோவோ ஆம்ப்ளிஃபயரோ, மேசைக்கு எது வந்தாலும் அதன் காற்றுத் துளையில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு. "டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சு" என்றோ, "ஒண்ணும் இல்ல, கரப்பான்பூச்சி குடும்பம் நடத்துது" என்றோ தீர்ப்பு வந்துவிடும். திருப்புளி எல்லாம் அப்புறம்தான். தெருவுக்கு இவர் ஆம்ப்ளி அக்கா.

ஒரே அறையில் இரண்டு தொழில். சன்னலோரம் கணவரின் தையல் மெஷின். அதற்கு வலப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அக்காவின் மேசையும் முக்காலியும். சாலிடர் வைத்துக்கொண்டே வந்தவரை வறுத்தெடுப்பார். "தண்ணிய ஊத்திட்டு, தானா நின்னுபோச்சுங்கறீங்களே, நான் என்ன குறி சொல்றவளா?" திட்டு வாங்கியவர்கள் மறுபடி வருவார்கள், சரிசெய்து கொடுத்த பொருள் மட்டும் திரும்பி வராது. இருபது வருஷத்தில் "தப்பு என்னுது" என்று அக்கா சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

அப்படிப்பட்டவரிடம் போன வாரம் கணவரே குறை சொன்னார். தைக்கும்போது ஹெட்போனில் பழைய பாட்டு கேட்பதற்கென்று அக்கா செய்துகொடுத்த, சோப்பு டப்பா அளவு ஆம்ப்ளிஃபயரைப் பற்றித்தான். "பாட்டுல பாதி வரல. வலது பக்கம் செத்துப்போச்சு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. முகர்ந்தார், திறந்தார், மீட்டர் வைத்தார். தானே மாட்டிக் கேட்டார். இடது பக்கம் குரல், வலது பக்கம் வயலின். இரண்டும் துல்லியம்.

"நல்லாத்தானே பாடுது!"

"எனக்கு வயலினே கேக்கல."

பக்கத்தில் சாவிக்கடை வைத்திருக்கும் கணவரின் தம்பி எட்டிப் பார்த்தார். "அண்ணி, வெளிய வர்ற ரெண்டு ஒயரையும் முறுக்கி ஒண்ணாக்கிட்டா போச்சு. வீடியோல பாத்தேன்."

"முறுக்குவீங்க, முறுக்குவீங்க! ஒரே கதவை ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தள்ளுனா கதவுதான் பேந்துக்கும். சேக்கறதா இருந்தா சத்தம் உள்ள போற இடத்துல சேக்கணும், தம்பி."

கடைசியில் அக்கா ஹெட்போனைப் பக்கம் மாற்றிக் கணவர் தலையில் மாட்டிவிட்டார். "இப்ப?"

"இப்ப வயலின் வருது. பாடுறவரைக் காணோம்." சொல்லிக்கொண்டே அவர் கை போய்த் தொட்டது, அதே வலக்காதை.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கோளாறு டப்பாவில் இல்லை, அந்தக் காதில். ஆறு மாதமாகவே முக்காலியிலிருந்து கூப்பிட்டால் இவர் திரும்புவதில்லை. "பொண்டாட்டி குரல் கசக்குது போல" என்று எத்தனை தடவை குத்திக்காட்டியாயிற்று! ஒரு தடவை அந்தக் கோபத்தில் அக்கா இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. மனிதர் ஊசியில் நூல் கோக்கும் சாக்கில் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. ஆளுக்கொரு பட்டப்பெயர் வைக்கும் தெரு இது. செவிட்டு டெய்லர் என்று ஆகிவிடுவோமோ என்ற பயம்.

அன்று அக்கா யாரையும் திட்டாமல் வேலை செய்தார். குரல், வயலின் என்று தனித்தனியாக வரும் இரண்டு சேனலையும் உள்ளே நுழையும் இடத்திலேயே, ஆளுக்கொரு சின்ன ரெசிஸ்டர் வழியாக ஒன்றாக்கி, சேர்ந்த ஒலியை இரண்டு பக்கத்துக்கும் அனுப்பினார். இனி எந்தக் காதில் விழுந்தாலும் முழுப் பாட்டு.

கணவர் மாட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் மிதிப்பலகைமேல் கால் தானாகத் தாளம் போட்டது. ஹெட்போனைக் கழற்றினார். "குரல், வயலின், எல்லாம் வருதே! என்ன கோளாறு?"

தம்பியும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா உரக்கவே சொன்னார்: "தப்பு என்னுதுங்க. ஒயரை மாத்தி வெச்சுட்டேன்."

"அண்ணி, நீங்களா இதைச் சொல்றீங்க!"

"ஏன், நான் தப்பு பண்ணக் கூடாதா? போய்ச் சாவியப் பாருங்க."

தம்பி போனதும் அக்கா குரலைத் தணித்துக்கொண்டார். "நாளைக்கு நான் காது டாக்டரைப் பாக்கணும். ஒரே இரைச்சலா இருக்கு. துணைக்கு வாங்க. அப்படியே நீங்களும் காட்டிக்கங்க."

கணவர் திரும்பாமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் நின்றல்லவா சொல்லியிருக்கிறார்!

அக்கா முக்காலியைத் தூக்கிக்கொண்டு, மெஷினைச் சுற்றி வந்து, கணவருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தார்.