மூன்று நிமிடம் வருகிறவள்

அந்த ஆங்கிலேய நடிகையின் பெயர் எங்களுக்குத் தேவைப்படவே இல்லை. எங்கள் வீட்டில் அவள் "நம்ம ஆளு". பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களில் மூன்று நிமிடம் வந்து போவாள். ஒன்றில் நர்ஸ், இன்னொன்றில் பக்கத்து வீட்டுக்காரி, ஒருமுறை முதல் காட்சியிலேயே பிணம். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் மகளும் தோசைத் தட்டோடு சோபாவில் உட்காருவோம். அவள் முகம் தெரிந்ததும், "நம்ம ஆளு வந்துட்டா, நிறுத்து" என்பேன். மகள் ரிமோட்டை அமுக்குவாள். போன தடவை அவள் என்னவாக வந்தாள் என்று இரண்டு பேரும் யோசித்துக் கண்டுபிடித்த பிறகுதான் மேலே பார்ப்போம்.

அந்த மகள்தான் காலேஜில் இரண்டாம் வருடம் டாக்டர் படிப்புக்கான ப்ரீ-மெட்டை விட்டு நாடகத் துறைக்கு மாறப்போவதாக ஃபோனில் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். "நம்ம ஆளைப் பாத்தியா? இருபது வருஷமா நடிச்சும் பொணமாத்தான் படுத்துக் கிடக்கா. நீயும் போய்ப் படு" என்றேன். அப்படியும் அவள் துறை மாறிவிட்டாள்.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்தவளை பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்கு அழைத்துப் போனேன். கேன்டீன் வரிசையில் தெரிந்த ஆன்ட்டி ஒருவர், "பொண்ணு என்ன படிக்கிறா?" என்று கேட்டார். "ப்ரீ-மெட் பண்றா ஆன்ட்டி" என்று வாய் கூசாமல் சொன்னேன். மகள் என் பக்கத்திலேயே நின்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

வீட்டுக் கராஜில் காரை விட்டு இறங்கும்போது அவள் ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டாள். மூன்று நிமிடம் வருகிறவளுக்காக இத்தனை வருடம் டிவியை நிறுத்தினாயே, என்னை மட்டும் ஏன் மறைக்கிறாய் அம்மா என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு அவள் வரவில்லை. ஃபோனிலும் இரண்டு வார்த்தைதான். இவளை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நம்ம ஆளுக்கு ஒரு முழுத் தொடர் கிடைத்தது. அறுபதை நெருங்கும் வயதில், துப்பறிகிறவளே அவள்தான். தனியாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் காட்சியில் ஒரு பெண் செத்துக் கிடந்தாள். நம்ம ஆளு குனிந்து அவளைப் பார்த்தாள். படுத்திருப்பவள் யாரோ புது நடிகை, மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாள் என்று தோன்றியது. செத்தவளுக்காக டிவியை நிறுத்தினேன். அழுகை வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அதே கேன்டீனில் அந்த ஆன்ட்டியைப் பிடித்தேன். "அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் ஆன்ட்டி. பொண்ணு டிராமா படிக்கிறா."

"அடிப்பாவி, இதுக்கா பொய் சொன்னே? நாடகம் எப்போன்னு சொல்லு. ஆனா எனக்கு ஹைவேல டிரைவ் பண்ண பயம். நீதான் கூட்டிட்டுப் போகணும்."

காலேஜ் வெப்சைட்டில் நாடகத் தேதியைப் பார்த்து ஏப்ரலில் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் வருவதை மகளிடம் சொல்லவில்லை. காலேஜ் அரங்கில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் அவள் வரவே இல்லை. பிறகு வெள்ளை உடையில் ஒரு நர்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நிறுத்திப் பார்க்க ரிமோட் இல்லை.

"எவ உன் பொண்ணு?" என்று ஆன்ட்டி முழங்கையால் இடித்தார்.

"அந்த நர்ஸ்தான்" என்றேன், மேடைக்கே கேட்கும்படி. "நம்ம ஆளு வந்துட்டா."