ரோகிணியில் அடையாறு வரை

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போக எனக்குத் தெரிந்த வழி பஸ்தான். பாலத்தைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். அதை விட்டுவிட்டு, எதிர்த்திசையில் துறைமுகத்துக்குப் போய், அங்கே ஒரு பாய்மரப் படகில் ஏறி, கடல் வழியாக அடையாறு வருவது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமா என்று வீட்டில் கேட்டார்கள். இல்லைதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாகப் பூகோளம் நடத்துகிறேன். பருவக்காற்றுக்குக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டே கை தேய்ந்தவள், காற்றில் ஓடும் படகில் ஒரு தடவையாவது உட்கார வேண்டாமா? எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதச் சனிக்கிழமை அந்த வாய்ப்பு வந்தது.

காலை 6 மணி. லஸ் முனையில் பஸ் ஏறினேன். பாரிமுனைக்கு டிக்கெட் முப்பது பைசா. அங்கிருந்து துறைமுக வாசலுக்கு நடை. என்னை அழைத்திருந்தவர் எங்கள் தெருக்கார எஞ்சினியர் கல்யாணராமன். வாரம் ஆறு நாள் கம்பெனிக்கும் ஏழாம் நாள் ரோகிணிக்கும் உழைப்பவர்; அந்தச் சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டிருந்தார். ரோகிணி என்பது அவர் படகு.

7.15. சொல்வதற்கென்ன, பார்த்தவுடன் மயங்கிவிட்டேன். முப்பத்தாறு அடி நீளம். யுத்தத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் கட்டியது. தேக்குத் தளம் கல்யாண வீட்டு மணைப்பலகை போலச் சுத்தமாக இருந்தது. வார்னிஷ் அடித்த பாய்மரத்தில் காலை வெயில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பித்தளை விளக்கு, பித்தளை மணி, பித்தளைக் கொக்கி, எல்லாம் புளி போட்டுத் தேய்த்தவை. கீழே இரண்டு படுக்கை, ஒரு ஸ்டவ், ஒரு காபி பில்டர். "தலையில் எண்ணெய் வைத்தவர்கள் மெத்தையில் சாய வேண்டாம்" என்று ஒரு அட்டை. நான் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கோ டீச்சர்," என்றார் கல்யாணராமன். "கோவிலுக்குப் போறாப்லன்னு வெச்சுக்குங்கோ."

படகில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஊரூர் ஒல்காட் குப்பத்து ஏழுமலை, ரோகிணியில் பத்து வருஷமாக வேலை பார்ப்பவர், கல்யாணராமனுக்கே கடலில் வழி சொல்பவர். இன்னொருவர் காதர் மாஸ்டர். வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். மாம்பலத்தில் குடியிருக்கிறார். கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களில் நடிகர்களுக்குப் பின்னால் வானம் என்று தொங்குமே ஒரு பெரிய நீலத் துணி, அதைத் தைப்பவர். முப்பது வருஷமாக அதுதான் தொழில்.

வானம் தைப்பவர் படகுக்கு எப்படி வந்தார் என்றால், ரோகிணியின் பெரிய பாய் கிழிந்துபோயிற்று. வெளிநாட்டுத் துணிக்கு லைசென்ஸ் கேட்டு அலைந்து ஓய்ந்த கல்யாணராமன், கித்தான் துணியை இங்கேயே வாங்கி, அவ்வளவு பெரிய துணியைத் தைக்கத் தெரிந்த ஆள் மதராஸில் யார் என்று விசாரித்தார். எல்லோரும் மாஸ்டரைக் கை காட்டினார்கள். கல்யாணராமன் பழைய பாயை அளவுக்கு அவரிடம் கொடுத்துவிட்டார். இன்று புதுப் பாய்க்கு வெள்ளோட்டம். நாளை ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்திலிருந்து அடையாறு முகத்துவாரம் வரை போய்த் திரும்பும் வருஷாந்தரப் பந்தயம். ஆறு படகுகள்.

8 மணி. பாய் ஏறியது. ஒரு சுருக்கம் இல்லை. தையல்கள் நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டியும் விட்டேன். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் சிரிப்பை மறைக்க முடியவில்லை.

வடகிழக்கிலிருந்து மெல்லிய காற்று. வலப்பக்கம் மெரீனா மெதுவாக நகர்ந்தது. மெதுவாக என்றால் ரொம்பவே மெதுவாக. சாந்தோம் சர்ச்சின் கோபுரம் தெரிந்தது, தெரிந்துகொண்டே இருந்தது. நான் ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, கடல் பயணம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். கல்யாணராமன் கயிற்றை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார்.

"புதுத் துணி. பழகணும்," என்றார் யாரையும் பார்க்காமல்.

10.15. முகத்துவாரத்தை நெருங்கும்போது, பின்னாலிருந்து குப்பத்துக் கட்டுமரம் ஒன்று மீனோடு வந்தது. ஒட்டுப் போட்ட காவி நிறப் பாய், தொந்தி விழுந்த மாதிரி முன்னால் புடைத்திருந்தது. நான்கு கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய அந்த மரம் எங்கள் தேக்கையும் பித்தளையையும் சர்வசாதாரணமாகத் தாண்டிப் போயிற்று. அதை ஓட்டியவன் ஏழுமலையின் மச்சானாம்.

"இன்னா மாமே!" என்று கத்தினான். "பந்தலு கட்டிகினு எங்க போறே? கல்யாணமா?"

"போடா, உன் பொயப்ப பாத்துகினு போடா!" என்றார் ஏழுமலை. ஆனால் குரலில் சுரத்து இல்லை.

மாஸ்டர் அந்தக் காவிப் பாய் கரையை எட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், பாய்மரத்தின் அடியில் மல்லாந்து படுத்து, தான் தைத்ததை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், பழைய பாயும் இப்படித்தான் இருந்திச்சா?"

"தையல் பிரமாதம் மாஸ்டர்."

"தையலைக் கேக்கலை சார்."

கல்யாணராமன் சுக்கானைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படிக்காமல் பரீட்சைக்கு வந்த பிள்ளையின் முகம் எனக்கு நன்றாகவே தெரியும்.

ஏழுமலைதான் சொன்னார். "நான் சொல்றேன் மாஸ்டரே, கோச்சுக்காத. காத்து வந்து குந்த எடமே இல்ல. பலகை மாரி கீது. வந்த காத்து வந்தமேனிக்குப் போய்க்கினே கீது."

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். "பழைய பாயைத் தரையில விரிச்சப்போ படியவே இல்ல," என்றார். "நடுவுல உப்பிக்கிட்டு நின்னுச்சு. தையலெல்லாம் ஓரத்துல வளைஞ்சிருந்துச்சு. பழசு, இழுத்து இழுத்துத் தொய்ஞ்சிருக்குன்னு நினைச்சேன். அத்தனையும் நேர் பண்ணித் தெச்சேன். எங்க வேலையில ஒரு சுருக்கம் இருந்தா கேமராவுல வானம் படுக்கை விரிப்பு மாதிரி தெரியும். அதான்..."

அப்புறம் கல்யாணராமன் பக்கம் திரும்பினார். அந்த மெல்லிய மனிதரிடம் அவ்வளவு கோபம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "காலையில பாய் ஏறினப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இல்லையா சார்? நல்லா இருக்குன்னு சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பிட்டு, நாளைக்கு எல்லார் முன்னாடியும் தோத்திருப்பீங்க. நானும் தெரியாமலே செத்திருப்பேன்."

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..." என்றார் கல்யாணராமன்.

"என் வேலை கஷ்டப்படுதே சார்!"

எனக்குக் கடலில் குதித்து நீந்திப் போய்விடலாமா என்று இருந்தது, நீந்தத் தெரியாது.

மாஸ்டர்தான் மறுபடி பேசினார். "நங்கூரம் போடுங்க. யார்கிட்டயாவது சாக்பீஸ் இருக்கா?"

வாத்தியார் கைப்பையில் வேறென்ன இருக்கும்? எடுத்துக் கொடுத்தேன்.

11 மணி. ஊரூர்க் குப்பத்துக்கு நேரே, கரையிலிருந்து கால் மைல் தள்ளி ரோகிணி நின்றது. பாயை இறக்கித் தளத்தில் விரித்தார்கள். மாஸ்டர் ஸ்டூடியோவுக்குப் போகுமுன் பாண்டி பஜாரில் ஜாக்கெட் தைத்தவராம். "ஜாக்கெட்டுக்கு டாட் பிடிக்கிறோமே டீச்சரம்மா, அதேதான்," என்றார். பாயின் முன் ஓரத்தில் வரும் ஆறு தையல்களை மூன்றடி நீளத்துக்குப் பிரித்து, ஓரம் வர வர அதிகமாக உள்ளே மடித்துப் பிடித்தால், தட்டைத் துணி நடுவில் குழியும். சொல்ல இவ்வளவுதான். கித்தானில் ஊசி ஏற்றிப் பார்த்தால் தெரியும்! ஏழுமலை குரல் கொடுக்க, கேலி செய்த மச்சானே வலை தைக்கும் ஊசியோடு கட்டுமரத்தில் வந்து சேர்ந்தான். கல்யாணராமனும் தைத்தார், மாஸ்டர் அதைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொன்னார். நான் நூலுக்கு மெழுகு போட்டேன். மத்தியானம் அந்த மச்சான் வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது. எனக்கும் கல்யாணராமனுக்கும் தயிர்சாதப் பொட்டலம் இருந்தது. குழம்பின் வாசனையில் அது இறங்க மறுத்தது.

2.40. தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்திருந்தது. பாயை ஏற்றினார்கள். முதலில் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு ஒரு மூச்சு இழுத்த மாதிரி நிறைந்தது. ரோகிணி சாய்ந்தாள். காலடியில் தண்ணீர் சலசலக்க ஆரம்பித்தது, பித்தளை மணி தானாக ஒரு தடவை அடித்தது. சாந்தோம் கோபுரம் பின்னால் ஓடியது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இவ்வளவு அழகான ஒன்று எங்கள் ஊர்க் கடலில் இருந்திருக்கிறது, நான் பஸ்ஸிலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறேன்!

மாஸ்டர் தள்ளாடிப் போய், பாயின் மேல் உள்ளங்கையை வைத்தார். அது அவர் கையைத் திருப்பித் தள்ளியது.

"முப்பது வருஷமா வானம் தெச்சிருக்கேன்," என்றார். "ஒண்ணுகூட என்னைத் தள்ளினதில்லை டீச்சரம்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். உப்புக்காற்று என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை.

காலையில் இரண்டே கால் மணி நேரம் பிடித்த அதே ஐந்து மைல், திரும்பும்போது ஐம்பது நிமிஷம்.

3.30. துறைமுகம். பாயை இறக்குமுன் மாஸ்டர் கேட்டார், "இப்ப சொல்லுங்க சார். எப்படி இருக்கு?"

கல்யாணராமன் பாயை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை அளந்து பார்த்தார். கடைசியில், "மேலேருந்து மூணாவது டாட் கொஞ்சம் ஜாஸ்தி மாஸ்டர். அங்க மட்டும் இழுக்கறது," என்றார்.

"ஆமா," என்றார் மாஸ்டர், முகமெல்லாம் மலர்ந்து. "நானும் பாத்தேன்." காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு கரைக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பஸ் பிடிக்கக் கிளம்பும்போது இரண்டு பேரும் ஒரே துணியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பந்தயத்தில் ரோகிணி இரண்டாவதாக வந்தாள். திங்கட்கிழமை காலை கல்யாணராமன் எங்கள் வாசலில் நின்று அதைச் சொன்னார். முதலாவதாக வந்த படகுக்காரர் மாஸ்டரின் விலாசம் கேட்டாராம்.

"கொடுத்தீங்களா?" என்றேன்.

"கொடுத்தேன். நன்னா இருக்குன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்கோன்னும் சொல்லி அனுப்பினேன்."