கீழிருந்து தட்டியவர்

யுத்த காலத்தில் ஒருநாள் குமுளி மலையிறக்கத்தில் எங்கள் வாடகைக் கார் பள்ளத்தின் ஓரத்தில் போய் நின்றது. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்களான புஷ்கள் தேய்ந்து, டிரைவர் ஒரு பக்கம் திருப்பினால் வண்டி வேறு பக்கம் போனது. எப்படியோ கூடலூரில் ஒரு கார் ரிப்பேர் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தோம். இனி அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று என் மகள் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் எவ்வளவு சொல்லியும் அசையவில்லை.

ஷெட் மெக்கானிக் குட்டையான மனிதர், புருவத்தில்கூட கிரீஸ். புது ரப்பர் புஷ்களை மாட்டினாலும், வண்டியில் ஆள் பாரம் இருந்தால்தான் போல்ட்டைக் கடைசியாக முடுக்குவார். அந்தப் பாரத்துக்குத் தன் மகளையே உள்ளே உட்காரவைத்துவிட்டு அடியில் நுழைந்தார். ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினார். அவள் மேலிருந்து காலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஆத்தா, தூங்கிட்டியா?"

"ஒங்க பேச்சக் கேட்டுக்கிட்டு யாருய்யா தூங்குவா?"

"பாரம் பத்தல. நீ திங்கிற சோறெல்லாம் எங்கன போகுதோ. வாசல்ல நிக்கிற பிள்ளையையும் ஏறச் சொல்லு."

என் மகள் ஏறினாள். கீழிருந்து தட்டு கேட்டதும் அவளும் காலால் தட்டிச் சிரித்தாள்.

"பயமில்லையாம்மா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தவர், முகத்தைக்கூடக் காட்டாமல் என் மகளை எப்படிச் சிரிக்கவைத்தார்? அந்தப் பொறாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

எங்கள் ஊரான பெரியகுளத்துக்குத் திரும்பும் வழியில், பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்புக் காலால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன்.

"கால் மரத்துப் போச்சாப்பா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.