பாக்கியலெட்சுமி வைத்த நேரம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடிவிடும், புத்தி மெதுவாகத்தான் பின்னால் வரும். பதுளையில் பெண்கள் பாடசாலை ஒன்றில் பௌதிகம் படிப்பிக்கிறேன். 'மயூரி மிஸ் வாறா' என்ற சத்தம் கேட்டதும் பிள்ளைகள் மேசைகளை நேராக்கிவிட்டு வாயை மூடுவது சும்மா இல்லை. இந்த வாயை வைத்துக்கொண்டு 2022 ஒக்டோபரில் ஒரு மனுசியிடம் நான் பட்ட வெட்கத்தை எழுதாமல் விட்டால் எனக்கே மனசு கேட்காது.

அவர் பெயர் பாக்கியலெட்சுமி, எனக்குப் பாக்கியமக்கா. நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அப்போது வயது நாற்பத்தெட்டு. பிறந்தது ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், கல்யாணம் கட்டி இந்தப் பக்கம் வந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டார். விட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. தாய் காலை முறித்துக்கொண்டு படுத்ததும் பிள்ளையைப் பிடித்துக் கொழுந்து எடுக்க மலைக்கு அனுப்பிவிட்டார்கள். புருசன் இறந்து ஒன்பது வருசம். ஒரே மகள் சிவசக்தி கொழும்பில் தையல் ஆலையில் வேலை. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைத் தன் கண்ணால் பார்க்காமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். அதனால் நிறுக்கிறவர்களுக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் பயம்.

லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பிரா அவருடையது. அதற்காகத்தான் நான் அவரைத் தேடிப் போனேன். என்னிடம் ஒரு கருவி இருந்தது: மரச்சட்டத்தில் செப்புக் கம்பியை நூற்றுக்கு மேல் சுற்றி, நுனியில் ஒரு சின்னக் கணினிப் பெட்டி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்தியக் கடற்படை தன் நீர்மூழ்கிகளுக்கு இராப்பகலாக அனுப்பும் வானொலி அலையை அது பிடிக்கும். அந்த அலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பித்தான் நம்மிடம் வருகிறது. எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் சாகும்போது பீறிடுகிற காமாக் கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. விண்ணில் சுற்றும் தொலைநோக்கிகள்தான் அதை நேரே காணும். ஆனால் போதிய பலத்தோடு வந்து மோதினால் அந்த மேலடுக்கு கலங்கும், வானொலி அலையின் அளவு சட்டென்று மாறும், என் பெட்டி அந்த மாற்றத்தைப் பதிந்து வைக்கும். பதுளை டவுனின் மின்கம்பி இரைச்சலுக்குள் இது நடக்காது. பாக்கியமக்காவின் காம்பிராவுக்குப் பின்னால், அவருடைய மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில் நடக்கும்.

அவருக்கு நான் கொடுத்த வேலை இரண்டுதான். மழை, இடி, மின்வெட்டு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுவது ஒன்று. பெட்டி நின்றுபோய்த் திரும்ப ஓடினால் அதில் சரியான நேரத்தை வைப்பது மற்றது. அந்தப் பெட்டிக்குத் தானாக நேரம் தெரியாது, அங்கே இணையமும் கிடையாது. ஒரு மோட்டார் சைக்கிள் பற்றரி சின்ன மின்வெட்டுகளைத் தாங்கும், நீண்டதைத் தாங்காது. மூன்று வருசம் ஒரு நாள் விடாமல் எழுதினார். நான் போகும்போதெல்லாம், மிஸ்ஸோட நட்சத்திரம் செத்துச்சா இல்லியா என்று கேட்டுச் சிரிப்பார்.

செத்தது. ஒக்டோபர் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை. இருநூறு கோடி வருசத்துக்கு முந்திப் புறப்பட்ட கதிர். மனிதர் கருவி வைத்துப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பிரகாசமாக ஒன்று வந்ததில்லை என்று உலகமே பேசியது. நம் நேரப்படி ஆறு நாற்பத்தேழுக்குத் தொடங்கி ஆறு ஐம்பத்தொன்றை ஒட்டி உச்சத்துக்குப் போனதாக விண்கலங்கள் சொல்லின. அதுவும் எங்கே? கிட்டத்தட்ட எங்கள் தலைக்கு மேலே. செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் பஸ் பிடித்து ஓடிப்போய்ப் பதிவை எடுத்து வந்தேன். கோடு ஒரே நேராகப் போய்க்கொண்டிருந்தது, பிறகு விசுக்கென்று மேலே எழும்பியது. என் வீட்டில் தனியே இருந்து அழுதேன், சந்தோசத்தில்தான்.

அந்தச் சந்தோசம் ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. பதிவுகளைத் திரட்டிக்கொண்டிருந்த பேராசிரியர் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அனுப்பினேன். அவர் வெளிநாட்டுக் குழு ஒன்றோடு சேர்ந்து வேலை செய்கிறவர், என் பழைய ஆசிரியர். புதன்கிழமை காலை பதில் வந்தது. உன் கோடு எழும்புவது ஆறு ஐம்பத்தேழுக்கு, அதாவது ஆறு நிமிடம் பிந்தி. ஏதோ மின்சாரக் கோளாறாக இருக்கலாம். திங்கட்கிழமைக்குள் அந்த ஆறு நிமிடத்துக்குக் காரணமும் சாட்சியும் தந்தால் சேர்ப்பேன், இல்லாவிட்டால் வெளியே எடுப்பேன் என்று எழுதியிருந்தார். இலங்கையிலிருந்து அவர் கைக்குக் கிடைத்த பதிவு அது ஒன்றுதான். மூன்று வருசம், பிள்ளை மாதிரிப் பார்த்த கருவி. எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

கொப்பியின் பக்கங்களையும் படம் எடுத்து வந்திருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு மரம் விழுந்து நெடுநேரம் கரண்ட் இல்லை, சனிக்கிழமை காலை பெட்டியில் நேரம் வைத்தேன் என்று பாக்கியமக்காவின் கையெழுத்தில் இருந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். உடனே ஒரு கடிதம் தயாரித்தேன்: 'படிப்பறிவு குறைந்த உதவியாளர் கவனக்குறைவால் நேரத்தைப் பிழையாக வைத்துவிட்டார்.' கீழே அவர் கையெழுத்துக்கு இடம் விட்டேன். இரண்டு நாள் லீவு போட்டு, அன்று மாலையே தோட்டத்துக்குப் போனேன்.

வாங்க மிஸ் என்று கூப்பிட்டு இருத்தினார். தேத்தண்ணி வேண்டாம் என்று கடிதத்தை நீட்டினேன். பல்பு வெளிச்சத்தில் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். 'படிப்பறிவு குறைந்த' என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது, நான் பார்த்தேன். பிறகு தாளை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"இதுல நான் கையெழுத்து வைக்க மாட்டேன் மிஸ். நான் தப்பா வைக்கல."

"அப்ப நட்சத்திரம் பிந்தி வெடிச்சதோ அக்கா?" என்று கத்தினேன். அதோடு விட்டேனா? திங்கட்கிழமை முடிந்தால் எல்லாம் போச்சு, என் மூன்று வருசம் உங்கள் ஒரு விரலால் போச்சு என்றெல்லாம் சொன்னேன். பக்கத்துக் காம்பிராவில் ரேடியோவைக் குறைத்தார்கள். அவர் என்னைப் பேச விட்டார், பிறகு சொன்னார்.

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், மலைக்குப் போகல. போனும் செத்துப்போயிருந்துச்சு. அதனால ஆறரைச் சங்குக்கு வச்சேன். பொத்தான்ல வெரல வச்சிக்கிட்டே நின்னேன். சங்கு ஊதுன ஒடனே அமுக்குனேன். அதுல எங்க மிஸ் தப்பு?"

சங்கு என்றால் தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு. காலை ஆறரைக்கு அது ஊதும்போது எல்லாரும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். அங்கேதான் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவார்கள். பிந்தினால் அன்றைக்குப் பேர் இல்லை, திரும்பி நடக்க வேண்டியதுதான். முப்பது வருசமாக அந்தச் சத்தத்துக்கு ஓடுகிற மனுசிக்கு அதைவிடச் சரியான நேரம் எது? எனக்கு அப்போதுதான் புத்தி வந்து சேர்ந்தது. பெட்டியில் ஆறரை என்று அவர் வைத்தபோது உண்மை நேரம் ஆறு இருபத்து நான்கு என்றால், எல்லாம் ஆறு நிமிடம் பிந்தித்தானே பதிவாகும்! சங்கு ஆறு நிமிடம் முந்தி ஊதுகிறதா என்று கேட்டேன்.

"கொஞ்சம் முந்தி ஊதுதுன்னு பொம்பளைங்க பேசிக்குவாங்க மிஸ். ஆறு நிமிசம்னு யாருக்குத் தெரியும்?"

அன்றிரவு அவர் காம்பிராவிலேயே படுத்தேன். என் கடிதத்தை அடுப்பில் போட்டேன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா என்றபோது அவர் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

வியாழன் காலை பெரட்டுக் களத்துக்கு மேலே ரோட்டில் நின்று, கைத்தொலைபேசியின் நேரத்தைப் பார்த்தேன். ஆறு இருபத்து மூன்று, ஐம்பத்தாறு விநாடிக்குச் சங்கு ஊதியது. வெள்ளிக்கிழமை ஐம்பத்தேழு விநாடி. அலுவலகச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஊதுகிறார்கள், அது முன்னுக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். சாயந்தரம் வேலை விடுகிற நேரத்துக்கு மட்டும் வேறு மணிக்கூடாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஆறு நிமிடம் கிடைத்துவிட்டது, ஆனால் அது யாரிடமிருந்து எடுத்த ஆறு நிமிடம் என்பதும் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை மூன்றாம் முறையும் சங்கின் நேரத்தைக் குறித்து முடிந்ததும் பேர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளை ரஜீவ் என்னிடம் வரவில்லை, நேரே பாக்கியமக்காவிடம் போனார். ஏசவில்லை. தாழ்ந்த குரலில், வெளியாளை லயத்தில் தங்க வைக்கத் தோட்டத்துத் துரையிடம் கேட்டீர்களா, கம்பி நட்டிருக்கிற பாத்தி யாருடைய நிலம், பெரிய துரைக்குத் தெரிந்தால் பாத்தியும் போகும், கவனமாக இருங்கள் என்றார். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் கூடையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்கள். பாக்கியமக்கா சரிங்கய்யா என்றார்.

எனக்கென்ன, பஸ் ஏறினால் பதுளை. அவருக்கு? மாலையில் அவர் மலையிலிருந்து வந்ததும், சங்கைப் பற்றி எழுதவேண்டாம், நேரத்தை நானே பிழையாக வைத்தேன் என்று எழுதி என் பேரைப் போடுகிறேன் என்றேன். பெரிய மனசு பண்ணுகிறேன் என்று எனக்குள் நினைப்பு.

அவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "அது பொய்யில்லியா மிஸ்?"

நான் செம்பை எடுத்து அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

"நீங்க பொய் எழுதுனா அவங்க கண்டுபுடிக்க மாட்டாங்களா? கண்டுபுடிச்சா என் கொப்பியில இருக்கிறதெல்லாம் பொய்னுதானே நெனப்பாங்க. சங்குன்னு எழுதுங்க. எத்தன நிமிசம்னு எழுதுங்க. நான் வைக்கிறேன் கையெழுத்து."

பாத்தி போனால் என்ன செய்வீர்கள் என்றேன். பயமாத்தான் இருக்கு, அதுக்காக என்ன பண்ண என்றார். பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் எழுதி, அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். 'நேரம் தேயிலைத் தொழிற்சாலையின் காலைச் சங்குக்குச் சரியாக வைக்கப்பட்டது. அந்தச் சங்கு ஆறு நிமிடம் முந்தி ஊதுகிறது. மூன்று நாள் அளந்தோம்.' மூன்று நாள் கணக்கையும் சேர்த்தேன். அவர் தன் முழுப் பெயரையும் ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். நான் கேட்காமலே, இதில் தமிழில் ஒன்று எனக்கும் வேண்டும் என்றார். அங்கேயே இருந்து இன்னொரு பிரதி எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை அனுப்பினேன். நாலாம் நாள் பேராசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆறு நிமிடத்தைக் கழித்தால் கோடு விண்கலங்கள் சொன்ன உச்சத்தில் வந்து விழுகிறது, சேர்த்தாயிற்று, நேரம் வைத்தவர் பேரும் வரும் என்றார். இந்த மாதிரி ஒரு சாட்சியை நான் கண்டதில்லை என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. தீபாவளி கழிந்ததும் தோட்டத்திலிருந்து செய்தி வந்தது: கம்பியைத் திங்கட்கிழமைக்குள் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் கழற்றி எறிவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கழற்றவா அக்கா என்றேன். நாளைக்குக் காலையில பாத்துக்கலாம் மிஸ் என்றார்.

திங்கள் விடிய மூடுபனி. கம்பி கழற்றாமல் பாத்தியில்தான் நின்றது. நான் ரோட்டில் நின்றேன். ஆறு இருபத்து நான்குக்குச் சங்கு ஊதியது. களம் வெறுமையாக இருந்தது. ரஜீவ் புத்தகத்தோடு தனியே நின்றார். களத்துக்கு மேலே, ரோட்டோரமாக, நாற்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் கால் எடுத்து வைக்கவில்லை. வீட்டில் போன் உள்ளவர்கள் எல்லாரும் அதைக் கையில் பிடித்திருந்தார்கள். வரிசையின் முன்னால் பாக்கியமக்கா, புது பற்றரி போட்ட போனோடு. அந்தத் தமிழ்க் கடிதத்தை அவர் லயம் லயமாகக் கொண்டுபோய் வாசித்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இரண்டு நிமிடம் போனது. ரஜீவ் மேலே பார்த்தார். "என்ன, சங்கு காதுல விழலியா?"

"விழுந்துச்சுங்கய்யா" என்றார் பாக்கியமக்கா. "இன்னும் நாலு நிமிசம் இருக்கு."

போங்கள் வீட்டுக்கு, இன்றைக்குப் பேர் இல்லை என்று ரஜீவ் ஒரு சொல் சொன்னால் நாற்பது அடுப்பு எரியாது. அவர் புத்தகத்தை மூடினார். அலுவலகப் பக்கம் திரும்பிப் பார்த்தார், யாரும் வரவில்லை. நாற்பது பேரையும் திருப்பி அனுப்பினால் மலையில் கொழுந்து முற்றிப்போகும், அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு குழந்தை லயத்தில் அழுதது. வரிசையில் ஒருத்தி இறங்கப் பார்த்தாள், பக்கத்தில் நின்றவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என் போனை எடுக்கவேயில்லை, நேரத்தை அவர்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறரை ஆனது. பாக்கியமக்கா முதலில் களத்தில் இறங்கினார், மற்றவர்கள் பின்னால் இறங்கினார்கள். ரஜீவ் கம்பியைப் பற்றி ஒன்றும் கேட்காமல் புத்தகத்தை விரித்தார். பேர் கூப்பிட்டார். ஒருவர் பேரும் விடுபடவில்லை.